ஒட்டிக்குக் கீழே இருந்த சந்தனம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகத் தந்துவிடுகிறேன்.

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கொடிகாமத்து மரக்கறி வியாபாரி ஒருவரின் நெஞ்சில் இதயத் துடிப்பைப் பதியும் கருவியைப் பூட்டினேன்.

2. மறுநாள் நண்பகல் அவர் வந்தார். கருவியைக் கழற்றினேன்.

3. பதிவு நன்றாக இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

4. அந்தப் பதிவில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னேன்.

5. வெள்ளிக்கிழமை என்னிடம் எழுத்துமூல விளக்கம் கேட்டார்கள்.

6. தவறு நடந்திருந்தது. அதைச் செய்தவள் நான்தான். ஆனால் அவர்கள் விளக்கம் கேட்ட தவறு வேறு.

வருகிற திங்கட்கிழமை முதல் இந்த அறை, புதிய பதிவாளர்களாக வரும் உங்கள் இருவருடையது. எனக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. ஒன்பது வருடம் இங்கே ஈ.சி.ஜி. பதிவாளராக இருந்தேன். "முப்பத்திரண்டு வயசிலை அனுபவக் கட்டுரையோ மிஸ்?" என்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். கருவியைப் பூட்டுவதும் வாசிப்பதும் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அதை நான் திருப்பி எழுதப்போவதில்லை. ஒரு நல்ல பதிவை நம்ப மறுத்த நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த வியாபாரிக்குத் தர்மலிங்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தேழு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் வருத்தம் அவருக்கு. நடுங்குகிற அறையில் இரத்தம் தேங்கும். தேங்கியது கட்டியாகும். அந்தக் கட்டி ஒருநாள் மூளைக்குப் போனால் கை விழும், கால் விழும், பேச்சு விழும். ஏழு மாதத்துக்கு முன் கொழும்பில் அவருடைய நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வைத் திருத்தி, நடுக்கம் பரவும் வழிகளையும் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அடைத்தது அடைத்தபடி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

முதல் பதிவு சுத்தமாக வந்திருந்தது. இது இரண்டாவது. இதுவும் சுத்தமாக இருந்தால் வாஃபரின் மாத்திரையை நிறுத்துவது பற்றி யோசிக்கலாம் என்று எங்கள் நிபுணர் சொல்லியிருந்தார். இரத்தம் கட்டியாகாமல் காக்கிற மாத்திரை அது. அதைக் குடிக்கும்வரை அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும், நினைத்தபடி கீரை சாப்பிட முடியாது. தர்மலிங்கத்துக்கு இரத்தம் கொடுப்பதைவிட இரண்டாவதுதான் பெரிய துன்பம்.

"விடியக் காலமை நூறு கட்டுக் கீரை என்ரை கையாலை போகுது பிள்ளை. ஒரு பிடி வாயிலை வைக்கேலாது. உது ஒரு சீவியமோ?" என்று கருவி பூட்டும்போது சொன்னார்.

பூட்டி முடித்ததும் வழக்கம்போல என் பட்டியலை அவர் மனைவியின் கையில் கொடுத்தேன். அந்தப் பட்டியலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானே எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டது. பதினொரு வரிகள். முதலாவது, கருவி எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. இரண்டாவது, நனையக் கூடாது. மூன்றாவது, வயர் கழன்றால் அதே நிறத்தை அதே இடத்தில் திரும்ப ஒட்ட வேண்டும். பின்பக்கத்தில் ஓர் உடம்பின் படம் கீறி, எந்த நிறம் எங்கே என்று காட்டியிருந்தேன். நான் பருத்தித்துறைக்காரி, மெதடிஸ்த குடும்பம். ஞாயிறு பாடசாலையில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள். பதினொன்று எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புதன்கிழமை நண்பகல் இருவரும் வந்தார்கள். தர்மலிங்கம் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சட்டையைக் கழற்றியபோது நெஞ்சிலும் சந்தனம் காய்ந்திருந்தது. வயர்களை நெஞ்சோடு பிடித்துவைக்கும் ஒட்டிகள் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஒட்டிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுச் சந்தனத்தைத் துடைத்தேன்.

"கோயிலுக்குப் போனனீங்களோ ஐயா?"

"ஓம் பிள்ளை. அஞ்சாம் திருவிழா எங்கடை உபயம் எல்லோ. சாமியும் தோளிலை காவினனான். ஒரு களைப்பு இல்லை, ஒரு இளைப்பு இல்லை. இதிலை எழுதியிருக்கு, பாரும்."

கருவியோடு நாங்கள் கொடுத்தனுப்பும் நாட்குறிப்புத் தாளில் அப்படித்தான் இருந்தது. ஏழு ஐம்பது, சாமி காவினேன், சுகம். எழுத்து மனைவியுடையது, மிக நேர்த்தியானது. நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். இன்னும் ஒன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பின்னேரம் பதிவைக் கணினியில் போட்டேன். மேலறை நடுக்கம் எங்கேயும் இல்லை. ஆனால் தர்மலிங்கத்தின் துடிப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போகும் மின்கிளை அவருக்குத் தடைப்பட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பும் அகலமாக, இரட்டை முனையோடு விழும். செவ்வாய் முழுக்க அப்படி விழுந்தது. புதன் காலை ஐந்து ஐம்பதுக்கு நாலு நிமிடம் வெறும் கிறுக்கல். அதன் பிறகு துடிப்புகள் ஒடுங்கி, ஒற்றை முனையோடு, பாடப்புத்தகத்தில் அச்சடித்தது போல. பத்து இருபதுக்கு மறுபடி கிறுக்கல். பிறகு பழைய அகலத் துடிப்பு.

எங்கள் பிரிவின் இளம் மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லவர், கெட்டிக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர்.

"வேகம் குறைஞ்சால் சிலருக்கு அந்தத் தடை மறையும் மிஸ்" என்றார்.

"நித்திரையிலை ஐம்பத்தைஞ்சுக்கு வந்திருக்கு டொக்டர். அப்பவும் அகலமாய்த்தான் இருக்கு. இந்த ஒடுங்கினது எண்பதிலை நடக்குது."

"அப்ப வயர் இடம் மாறியிருக்கும்."

"ஏழு ஐம்பதுக்குச் சாமி காவினவராம். வேகம் எண்பத்திநாலு. எண்பத்திநாலிலை சாமி காவேலுமோ?"

அவர் திரையைப் பார்த்தார். "ஆள் நல்ல உரமான ஆளாக்கும்" என்றார். பிறகு தன் தவறு தனக்கே தெரிந்தது போலச் சிரித்தார். "மிஸ், நாலரை மணித்தியாலத்தை வெட்டி எறியுங்கோ. மிச்சம் பத்தொன்பது மணித்தியாலத்துக்கு மேலை நல்லாய் இருக்குத்தானே? நாளைக்குக் கிளினிக்கிலை நூறு பேர். கையெழுத்தை வையுங்கோ, முடிவை நாங்கள் எடுக்கிறம்."

"அந்த நாலரை மணித்தியாலத்துக்குள்ளைதான் அவர் பாரம் தூக்கினவர் டொக்டர்."

"அதுக்கு?"

"நாங்கள் பாக்க வேண்டியது அதைத்தான். அது இதிலை இல்லை. நான் வைக்க மாட்டன்."

அவர் போய்விட்டார். கோபத்தோடு என்று சொல்ல முடியாது. என்னை நேரம் வீணாக்குகிறவள் என்ற பட்டியலில் சேர்த்துக்கொண்டு போனார்.

நான் அறையைப் பூட்டுவதற்கு முன் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தேன். இதை எழுத வெட்கப்படவில்லை, நீங்களும் வெட்கப்படாதீர்கள். நண்பகல் எறிந்த ஒட்டிகள் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சந்தனம் ஒட்டிகளின் மேல்புறத்தில் இல்லை. நெஞ்சில் ஒட்டுகிற பசைப் பக்கத்தில், மஞ்சளாக அப்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் அவர் நெஞ்சை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத்தான் ஒட்டினேன். ஒட்டியபடி கோயிலுக்குப் போயிருந்தால் சந்தனம் ஒட்டிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வந்ததென்றால் சந்தனம் முதலில் வந்தது, ஒட்டி பிறகு வந்தது. கருவி அந்த நெஞ்சை விட்டு எழும்பிப் போய், எங்கோ இருந்துவிட்டு, திரும்பி வந்திருக்கிறது. போன இடத்திலும் ஓர் இதயம் இருந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்க் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போவார்கள். இது யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரியும். ஆனால் நான் பட்டியல் எழுதியபோது என் கண்முன் நின்ற ஆண்கள் என் அப்பாவும் மாமாவும். அவர்கள் சட்டையும் போட்டு, கழுத்துப் பட்டியும் கட்டித் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். சட்டைக்குள் வயர் இருந்தால் யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழமை கிளினிக். தர்மலிங்கம் முன்வரிசை மர வாங்கில் இருந்தார். பக்கத்தில் மனைவி. அவரை மகேஸ்வரி என்று அழைப்போம். காலடியில் ஒரு உரப்பை. வாய் கட்டாததால் முருங்கைக்காய்கள் எட்டிப் பார்த்தன.

"பெரிய டொக்டருக்கு" என்றார் தர்மலிங்கம். "மாத்திரை நிண்டவுடனை இண்டைக்கு வீட்டிலை முருங்கையிலை வறை. மனிசியிட்டைச் சொல்லியாச்சு."

"ஐயா, நேற்றுக் காலமை மெசினைக் கழட்டினீங்களோ?"

"இல்லையே."

"வேறை ஆருக்கும் பூட்டினீங்களோ?"

"என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? நான் என்ன மெசினை வாடகைக்கு விட்டனானோ?"

வாங்கு முழுக்கச் சிரித்தது. மகேஸ்வரி சிரிக்கவில்லை. முருங்கைக்காயை உரப்பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

சனத்துக்கு முன்னால் ஒரு மனிதரைக் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது. உங்களுக்கு இது ஒரு பாடமாக இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் அவரால் வேறு எந்தப் பதிலும் சொல்லியிருக்க முடியாது.

"அம்மா, உங்களுக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பாப்பமோ? விருப்பம் எண்டால் மட்டும். ரெண்டு நிமிசம்."

"அவவுக்கு என்னத்துக்கு?" தர்மலிங்கம் எழும்பிவிட்டார். "அவ நல்லாய்த்தானே இருக்கிறா."

"அதுதான் ஐயா. எவ்வளவு நல்லாய் இருக்கிறா எண்டு பாக்கத்தான்."

"இஞ்சாரும், நீர் போக வேண்டாம்" என்றார் மனைவியைப் பார்த்து.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் என்னோடு வந்தார்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மகேஸ்வரி கட்டிலில் ஏறவில்லை. சேலைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். கழுத்தெலும்புக்குக் கீழே வட்டமாக ஒரு சிவப்புத் தடம். ஒட்டி இருந்த தடம்.

"களவு எண்டு நினைக்காதையும் பிள்ளை" என்றார். கைப்பையைத் திறந்து என் பட்டியலை எடுத்தார். "உம்மடை எழுத்துத்தானே? ஒண்டாம் நம்பரைப் படியும்."

படித்தேன்.

"மெசின் எந்தக் காரணத்துக்காகவும் நிக்கக் கூடாது எண்டு போட்டிருக்கு. இவர் உபயகாரர், சட்டையோடை உள்ளுக்குப் போகேலாது. வயரோடை போனால் இவரின்ரை மச்சான் சாமி காவுற தடியைப் பறிச்சுப்போடுவான். முன் வலப்பக்கம் முப்பது வருசமாய் இவரின்ரை தோள். போன வருசம் வருத்தத்திலை கிடக்கேக்கை மச்சான் காவினவன். இந்த முறை, எனக்கு முழுச் சுகம் எண்டு இவர் ஊரெல்லாம் சொல்லிவைச்சிட்டார். அதுதான் மெசினை நான் பூட்டிக்கொண்டனான். படம் பாத்து, நிறம் பாத்து ஒட்டினனான். நனைக்கேல்லை. ஃபோனைக் கிட்டக் கொண்டுபோகேல்லை. சனத்துக்குள்ளை நசியாமல் தூணோடை நிண்டனான். நீர் மெசினுக்குப் போட்டுத் தந்த தோல் உறை கோயிலுக்கு ஆகாது, அதுக்கு ஒரு துணிப்பையும் தைச்சனான். பிழை எது எண்டு காட்டும் பாப்பம்."

நான் பதினொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். அவர் ஒன்றையும் மீறவில்லை. ஒன்பது வருடத்தில் என் பட்டியலை இவ்வளவு சரியாகப் பின்பற்றிய இன்னொருவரை நான் கண்டதில்லை.

"மெசின் ஏன் நிக்கக் கூடாது எண்டு நினைச்சீங்கள் அம்மா?"

"நிண்டால் பழுதாகிப் போயிடும் எண்டுதான். விலை கூடின சாமான் எல்லோ?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அதுக்கில்லையோ?"

கருவிக்கு என்ன செய்யக் கூடாது என்று பதினொரு வரி எழுதியிருந்தேன். அது எதற்காக நோயாளியின் நெஞ்சில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்ட வரி அது. நான் அதை அவருக்கு இப்போது சொன்னேன். சாமி காவும்போது கணவருடைய இதயம் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இவ்வளவும் என்றேன். நேற்று அது நடுங்கியிருந்தால் எங்கள் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, நாங்கள் இன்றைக்கு மாத்திரையை நிறுத்தியிருப்போம் என்றேன்.

மகேஸ்வரி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் விறைச்சுக்கொண்டு நிண்டனான் பிள்ளை, மெசின் ஆடக் கூடாது எண்டு" என்றார். "அந்தாள் எனக்கு முன்னாலை காவிக்கொண்டு போகுது. நான் மெசினைப் பொத்திக்கொண்டு நிக்கிறன்." பிறகு தானாகவே கட்டிலில் ஏறிப் படுத்தார். "எடும். எடுத்துக் கொண்டுபோய்க் காட்டும்."

அவருடைய ஈ.சி.ஜி.யும் புதன் காலைத் துடிப்பும் ஒன்றுதான். இரண்டையும் நிபுணரின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது ஆருடையது?"

"மனிசியுடையது சேர்."

"நல்ல இதயம். அவவுக்கு வாஃபரின் தேவையில்லை எண்டு எழுதிவிடுவமோ?" என்றார். இளம் மருத்துவர் சுவரில் மாட்டியிருந்த கலண்டரை வாசித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நிபுணர் சிரிக்கவில்லை. தர்மலிங்கத்தைக் கூப்பிட்டு, மாத்திரை தொடரும் என்றார்.

தர்மலிங்கத்துக்கு வந்த கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். முழுவதும் என் பக்கம்தான் திரும்பியது.

"நீர் வேதக்காரப் பிள்ளை. எங்கடை கோயில் முறை உமக்கு எங்கை விளங்கப்போகுது?"

"விளங்கேல்லைத்தான் ஐயா. நான் கேட்டிருக்க வேணும், கேக்கேல்லை. நீங்கள் சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்தானே? அண்டைக்கும் காவுவியளோ?"

"காவுவன். ஆர் என்னத்தைச் சொன்னாலும் காவுவன்."

"அப்ப மெசினோடை காவுங்கோ."

இளம் மருத்துவர் கலண்டரை விட்டுத் திரும்பினார். "மிஸ், அவரைப் பாரம் தூக்கச் சொல்லி நாங்கள் எப்படிச் சொல்லுறது?"

"நாங்கள் சொல்லேல்லை டொக்டர். அவர் எப்பிடியும் தூக்கப்போறார். நாங்கள் பாக்கப்போறமோ, கண்ணைப் பொத்தப்போறமோ எண்டதுதான் கேள்வி."

நிபுணர் கோப்பைத் திறந்தார். பாரம் தூக்கத் தடை விதித்த காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்தார். முடிந்திருந்தது. "தலை சுத்தினால், இளைச்சால், அந்த இடத்திலையே இறக்க வேணும். மானம் ரோசம் பாக்கக் கூடாது" என்று தர்மலிங்கத்திடம் சொன்னார். அதுதான் அவருடைய சம்மதம்.

"சனத்துக்கு முன்னாலை வயரோடையோ? ஏலாது" என்றார் தர்மலிங்கம்.

"நெஞ்சிலை ஒரு சாண் வெட்டோடை நிண்டனீங்கள்தானே? அதுக்கு வராத வெக்கம் வயருக்கு வருதோ?" என்றார் மகேஸ்வரி.

தர்மலிங்கம் உரப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். முருங்கைக்காய் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. வைத்தியசாலைக் கருவி நோயாளி அல்லாத ஒருவரின் உடலில் பொருத்தப்பட்டிருக்க, அதை உடனே கண்டுபிடிக்கத் தவறியதற்கு விளக்கம் தரவும் என்று. என்னோடு வேலை செய்யும் மூத்த பதிவாளர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர் சொன்னது இது:

"ஒரு வரி எழுதும் தங்கச்சி. நோயாளி அறிவுறுத்தலை மீறிவிட்டார். முடிஞ்சுது. ஆர் வந்து கேக்கப்போகினம்?"

"அவர் ஒண்டையும் மீறேல்லை அண்ணை."

"விசர்க்கதை கதையாதையும். உம்மடை ஃபைலிலை ஏன் வீணாய் ஒரு தாள்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் தர்மலிங்கத்தின் கோப்பில் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று ஏறியிருக்கும். அடுத்த முறை அவருக்குக் கருவி தர எல்லாரும் தயங்கியிருப்பார்கள். என் கோப்பும் சுத்தமாக இருந்திருக்கும். பத்தொன்பது மணி நேரப் பதிவைப் போலச் சுத்தமாக.

நான் எழுதியது இது:

நோயாளியும் அவர் மனைவியும் எழுத்தில் கொடுக்கப்பட்ட பதினொரு அறிவுறுத்தல்களையும் பின்பற்றியுள்ளனர். கருவி நோயாளியின் உடலிலேயே இருக்க வேண்டும் என்பதும், அதன் காரணமும் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலை எழுதியவள் நான். கருவியைக் கழற்றும்போது கண்ணுக்கு முன்னால் இருந்த சந்தனத்தைக் கவனிக்காதவளும் நான். அன்றே மாலை கண்டுபிடித்து, கையெழுத்து வைக்க மறுத்தவளும் நான். மூன்றையும் சேர்த்துப் பதியவும்.

அலுவலகத்தில் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் கதவைத் திறக்கும்போது மகேஸ்வரி வாசலில் நின்றார். பின்னால், மதிலோரம், தர்மலிங்கம் எங்களைப் பார்க்காத மாதிரி நின்றார். மகேஸ்வரியின் கையில் வெள்ளை வேட்டித் துணியில் தைத்த ஒரு பை. தோள் வார், மேலே நாடா, கருவியின் அளவுக்குச் சரியாக.

"வரமாட்டன் எண்டவர். அப்ப நான் கேட்டனான், உங்களுக்குப் பேச்சு விழுந்தால் கொடிகாமச் சந்தையிலை ஆர் நிண்டு கத்துறது எண்டு."

கருவியைப் பூட்டினேன். இந்த முறை நாற்பத்தெட்டு மணி நேரம் பதிய வைத்தேன், பட்டியலைக் கொடுக்கவில்லை. கதிரையைப் போட்டு முன்னால் இருந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மதியம்வரை என்னென்ன செய்வார் என்று கேட்டேன். எத்தனை மணிக்கு முழுக்கு, நெஞ்சில் எந்த இடத்தில் சந்தனம், தடி எந்தத் தோளில் படும். முழுக்குக்குப் பதிலாக ஈரத்துணியால் துடைக்கச் சம்மதித்தார். தடி படுகிற இடத்திலிருந்து ஒரு வயரைத் தள்ளி ஒட்டினேன். எல்லாக் கேள்விக்கும் சுவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஆனால் எல்லாவற்றுக்கும் சொன்னார்.

திங்கட்கிழமை மகேஸ்வரி தனியாகத்தான் அறைக்குள் முதலில் வந்தார். தேரன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"சட்டையைக் கழட்டினவுடனை சனம் முழுக்கத் திரும்பிப் பாத்துது பிள்ளை. கோயில் மனேச்சர் ஓடி வாறார், உது என்ன வயர், உது என்ன பை எண்டு. மச்சான்காரன் ஏற்கெனவே தடிக்குக் கிட்ட வந்திட்டான். அத்தான், நீங்கள் விடுங்கோ, நான் பிடிக்கிறன் எண்டுறான். இவர் என்ன சொன்னவர் தெரியுமோ? ‘நெஞ்சுக்குள்ளை என்ன நடக்குது எண்டு டொக்டர்மார் பாக்கினம். பாக்கட்டும். உனக்குப் பாக்க வேணுமெண்டால் நீயும் வந்து பார். தோள் என்ரை.’ அப்பிடியே தடியைத் தூக்கிப்போட்டார்."

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் பெருமை என்றுதான் எழுதுவேன்.

தர்மலிங்கத்தைக் கூப்பிட்டுக் கருவியைக் கழற்றி, பதிவைக் கணினியில் போட்டேன். சாமி காவும்போது துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது. அகலமாக, ஒழுங்காக. சாமியைத் தேரில் ஏற்றிவிட்டு இறங்கிப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒழுங்கு குலைந்தது. மேலறைகள் நடுங்கத் தொடங்கி, முக்கால் மணி நேரம் நடுங்கி, தானாக நின்றிருந்தன. அந்த முக்கால் மணி நேரத்துக்கு நாட்குறிப்பில் மகேஸ்வரியின் நேர்த்தியான எழுத்து: மோர் குடித்தார். கதைத்துக்கொண்டிருக்கிறார். சுகம்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. இந்த நடுக்கம் சிலருக்குச் சொல்லாமல் வரும், சொல்லாமல் போகும். அதனால்தான் நாங்கள் இருக்கிறோம்.

இந்த முறை கையெழுத்து வைத்தேன். தர்மலிங்கம் நிபுணரின் அறைக்குள் வந்து, மாத்திரை தொடரும் என்று அவர் சொல்வதைக் கேட்டு, என்னிடம் திரும்பினார்.

"உம்மட்டை வராமல் விட்டிருந்தால் நான் சுகமான ஆள்" என்றார்.

"ஓம் ஐயா" என்றேன். "கொஞ்ச நாளைக்கு."

இளம் மருத்துவர் பிறகு என் அறைக்கு வந்து, வேறு ஒரு நோயாளியின் பதிவை மேசையில் வைத்து, "இதையும் ஒருக்கால் பாருங்கோ மிஸ், எனக்கு ஒரு இடம் பிடிக்கேல்லை" என்றார். அதை அவருடைய மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். அவர் வேறு எதுவாக நினைத்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

உங்களிடம் இதைச் சொல்வார்கள்: நீங்கள் பதிவாளர், பதியுங்கள், முடிவெடுப்பது மற்றவர்கள். முடிவெடுப்பது மற்றவர்கள்தான், அதில் நான் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்குக் கீழே கிடக்கிற தாளில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது. நம்பாத தாளில் அதை வைக்காதீர்கள். நூறு பேர் வெளியே காத்திருந்தாலும் வைக்காதீர்கள். கண்டுபிடித்த பிழை உங்களுடையதாக இருந்தால் அதையும் அதே கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள்.

இன்றைய நிலை இதுதான். என் விளக்கக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது, கடைசி வாக்கியத்தோடு. பட்டியலில் இப்போது பன்னிரண்டு வரிகள். முதல் வரி: நாங்கள் பார்க்க விரும்புவது உங்கள் இதயத்தை, கருவியை அல்ல. கழற்ற வேண்டி வந்தால் கழற்றி வையுங்கள், வேறு யாருக்கும் பூட்ட வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள். தோல் உறைகள் அலுமாரியில் கிடக்கின்றன. மகேஸ்வரி தைத்துத் தந்த ஆறு துணிப்பைகள் கதவுக்குப் பின்னால் கொளுவியிருக்கின்றன. தர்மலிங்கம் வாஃபரின் குடிக்கிறார், கை கால் பேச்சு எல்லாம் சரியாக இருக்கின்றன, என்னோடு கதைப்பதில்லை. அவருடைய அடுத்த பதிவு அடுத்த வருட அஞ்சாம் திருவிழாவுக்கு முதல்நாள். கருவி எண் மூன்று. வயர்களைப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கின்றன. பூட்டப்போவது நீங்கள்.